கிலுக்கா, வழுக்கலா? பிறை நீரில் செயற்கை இரைகளைப் பற்றி ஓர் ஆய்வு

மலேசியாவின் பினாங்கில், பிறை ஆற்றின் முகத்துவாரத்தில் தூண்டில் வீசுகிறவர்களுக்கிடையே முடியாத ஒரு வழக்கு உண்டு. சந்தையில் சியாக்காப் என்று விற்கப்படும் கொடுவாயை ஏமாற்ற, வயிற்றுக்குள் குண்டுகள் உருண்டு ஒலிக்கும் கெவாங் நல்லதா? சத்தமே இல்லாமல் இடமும் வலமும் வழுக்கிச் செல்லும் கெவாங் நல்லதா? கெவாங் என்று இங்கே எல்லா இனத்தாரும் சொல்லும் இந்தச் செயற்கை இரைகளைப் பெட்டி நிறைய வைத்திருப்பவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தத்தம் அதிர்ஷ்டத்தையே பதிலாகச் சொல்கிறார்கள். பெரிய மீன் எந்தக் கெவாங்கில் விழுந்ததோ அதன் கட்சியில் ஆயுள் முழுக்க இருந்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கில் இரு தரப்பும் பேசாத ஒன்று, நீர். மீனுக்கும் கெவாங்குக்கும் நடுவில் இருப்பது நீர்தான். ஒலியைச் சுமப்பதும், ஒளியைத் தடுப்பதும், அசைவைக் கடத்துவதும் அதுவே. ஆகவே மீனின் உணர்வுகள், கெவாங்கின் இயக்கம், நம் ஊர் நீரின் தன்மை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்புக்கு வழி பிறக்கும். அப்படிப் பார்க்கும்போது, ஒலி மீனை எழுப்புகிறது, அசைவு அதை நம்ப வைக்கிறது என்பதும், எது எப்போது தேவை என்பதை நீரின் தெளிவே முடிவு செய்கிறது என்பதும் புலப்படுகின்றன.

வழக்கு பிறந்த இடம்

இந்தச் சர்ச்சை வட அமெரிக்காவின் ஏரிகளிலிருந்து வந்தது. அங்கே மஸ்கி என்று அழைக்கப்படும் மீன், நீண்ட உடலும் வாத்தின் அலகு போன்ற வாயும் கொண்ட பதுங்கு வேட்டையாடி. 1949இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிடிபட்டதாகப் பதிவான மஸ்கி 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பத்தாயிரம் முறை வீசினால்தான் ஒன்று கிடைக்கும் என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர்கள் சொல்லும் அளவுக்கு அது எளிதில் ஏமாறாத மீன். கெவாங்கைத் தொடர்ந்து படகு வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது அதன் இயல்பு. இப்படிப்பட்ட வேட்டை மீன்களை ஏமாற்றத்தான் இருவகை இரைகளும் வளர்ந்தன.

விஸ்கான்சினின் ஃபிராங்க் சூயிக் செய்த மரக் கெவாங் இழுத்தால் மூழ்கும், விட்டால் மிதந்து எழும். வாய்த்தகடு இல்லாமல் பக்கவாட்டில் சறுக்கும் மரக்கட்டைகள் அந்த மரபில் பின்னர் வந்தன. பின்லாந்தின் லௌரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கித் தன் முதல் கெவாங்கைச் செய்தார். அடிபட்ட மீனைப் போல் தள்ளாடி நீந்துவதே அதன் பலமாக இருந்தது. ஒலி எழுப்பும் வகை அமெரிக்கத் தென் மாநிலங்களில் பரவியது. லூசியானாவின் பில் லூயிஸ் உருவாக்கிய ராட்-எல்-ட்ராப், உள்ளே உலோகக் குண்டுகள் கொண்ட தட்டையான கெவாங். அதைப் பின்பற்றாத நிறுவனமே இல்லை என்று சொல்லலாம். பின்னாளில் ஜப்பானியர்கள் ஒரே ஒரு மூட்டால் இணைந்த இரு துண்டு கெவாங்குகளை நுணுக்கமாக வடித்தார்கள். கான் கிராஃப்ட் நிறுவனத்தின் 178 மில்லிமீட்டர் ஜாயின்டெட் கிளா அவற்றில் பெயர் பெற்றது. இன்று பினாங்கின் தூண்டில் கடைகளில் ‘கிளைடு பெய்ட்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது இந்த மரபில் வந்தவற்றைத்தான்.

மஸ்கி நம் நீரில் இல்லை. ஆனால் பதுங்கியிருந்து பாயும் வேட்டைக்காரர்களுக்கு இங்கே குறைவில்லை. முகத்துவாரத்தில் கொடுவா, பாலத் தூண்களின் அடியில் ஜெனாஹாக், பாறை இடுக்கில் கெராப்பு, நன்னீர் அணைகளில் விரால் இனத்தின் பேருருவான தோமான். மஸ்கிக்காகப் பிறந்த கேள்வியை இவற்றிடமும் கேட்கலாம்.

இரண்டும் நீரில் செய்வது என்ன?

கிலுக்குக் கெவாங்கின் உடல் தட்டையானது, முன்புறம் கனத்தது. தூண்டில் நரம்பு கட்டும் வளையம் முதுகில் இருக்கிறது. ஆகவே இழுக்கும்போது மூக்கு கீழ்நோக்கி, உடல் குறுகிய அகலத்தில் மிக விரைவாக அதிர்கிறது. அந்த அதிர்வால் உள்ளறையிலுள்ள குண்டுகள் சுவரில் மோதுகின்றன. எஃகும் டங்ஸ்டனும் கூர்மையான உயர் சுருதி தருகின்றன. ஈயம் மந்தமாக ஒலிக்கிறது. பல சிறு குண்டுகளுக்குப் பதில் ஒரே பெரிய குண்டு வைத்தால் ‘டொக் டொக்’ என்ற தாழ்ந்த தட்டல் வருகிறது. வேகமாக இழுத்தால் அதிர்வும் ஒலியும் கூடும். நிறுத்தினால் இரண்டும் உடனே அடங்கி, கெவாங் சட்டென்று மூழ்கும்.

வழுக்கும் கெவாங் எதிர்த்திசையில் சிந்திக்கப்பட்டது. அதன் பக்கங்கள் உயர்ந்தும் தட்டையாகவும் இருக்கின்றன. எடை, மெல்ல மூழ்கும் அளவுக்கு மட்டுமே. ரீலின் கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தினால் தலை ஒரு பக்கம் திரும்பி, உடல் அந்தத் திசையில் தானாகச் சறுக்கும். அடுத்த அரைச் சுற்றில் மறுபக்கம். சறுக்கலின் முடிவில் அது முழுப் பக்கத்தையும் காட்டியபடி ஒரு கணம் நிற்கிறது. சுற்றும் வேகம் சற்றுக் கூடினாலும் சறுக்கல் குறுகிவிடும். இந்தக் கெவாங்கும் தண்ணீரைத் தள்ளுகிறது, ஆனால் மெதுவாகவும் பெரிதாகவும் தள்ளுகிறது.

ஆக, இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஒலியை மட்டும் ஒப்பிடுவதாக நினைப்பது தவறு. வேகம் வேறு, மூழ்கும் ஆழம் வேறு, அளவு வேறு, அதிர்வு வேறு, ஒலி வேறு. ஒரே நேரத்தில் ஐந்து வேறுபாடுகள். கிலுக்கில் மீன் விழுந்தால் ஒலிதான் காரணம் என்கிறோம். அது ஆழத்துக்கு இறங்கியதாலோ வேகமாகப் போனதாலோ விழுந்திருக்கலாம். கரையோரப் பேச்சில் இந்த வழக்கு முடிவுக்கு வராமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கண், காது, பக்கக்கோடு

வேட்டை மீனிடம் மூன்று கருவிகள் உள்ளன. கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொடுவாயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. கைவிளக்கின் வெளிச்சத்தில் அதன் கண் செந்நிறமாக மின்னுவது அதனால்தான். மங்கிய ஒளியில் இரையைவிட நன்றாகப் பார்க்கும் திறன் அதற்கு இருக்கிறது. விடியலும் அந்தியும் அதன் வேட்டைப் பொழுதுகளாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது கருவி உட்காது. அதிலுள்ள செவிக்கற்கள் நீர்த்துகள்களின் அசைவை உணர்கின்றன. காற்றுப்பை ஒலியழுத்தத்தை அசைவாக மாற்றித் துணை செய்கிறது. கெண்டையும் கெளிறும் காற்றுப்பையைக் காதோடு இணைக்கும் சிறு எலும்புகள் கொண்டவை, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அத்தகைய இணைப்பு இல்லாத பெரும்பாலான மீன்களின் செவி சில நூறு ஹெர்ட்ஸில் கூர்மையாக இருந்து, ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் தேய்ந்துவிடுகிறது. நாம் கையில் குலுக்கிப் பார்த்து ‘நல்ல சத்தம்’ என்று மெச்சும் எஃகுக் குண்டின் கூரிய ஒலியில் பெரும்பங்கு இந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. நம் காதுக்குப் பிடித்த ஒலி மீனின் காதுக்கு எட்டாமலே போகலாம்.

மூன்றாவது, பக்கக்கோடு. செவுளிலிருந்து வால் வரை ஓடும் இந்த உணர்வுறுப்பு, அருகில் நீர் தள்ளப்படுவதை உணர்கிறது. தாழ்ந்த அதிர்வுகளே அதற்குத் தெரியும். அதன் எட்டமும் மீனின் உடல் நீளத்தைப் போல் ஒன்றிரண்டு மடங்குதான். முக்கால் மீட்டர் கொடுவாய்க்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே நடப்பது எதுவும் பக்கக்கோட்டுக்குத் தெரியாது.

மஸ்கியை வைத்தே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று இங்கே வெளிச்சம் தருகிறது. 2001இல் நியூ, ஃபியூக்ஸ், கான் ஆகிய மூவர் வெளியிட்ட அந்த ஆய்வில், பார்வை மறைக்கப்பட்ட மஸ்கிகளும் பக்கக்கோடு செயலிழக்கச் செய்யப்பட்ட மஸ்கிகளும் இரையைத் தாக்கும் விதம் கவனிக்கப்பட்டது. பார்வை இல்லாத மஸ்கி இரையை நோக்கி மெல்லப் பதுங்கிச் செல்லவே இல்லை. ஆனால் இரை மிக அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வியது. பதுங்கி நெருங்குவதற்குக் கண் இன்றியமையாதது என்பதும், கடைசி நெருக்கத்தில் பக்கக்கோடு மட்டுமே பாய்ச்சலை நடத்த வல்லது என்பதும் இதனால் தெரிந்தன.

கலங்கல் நீரில் வாழும் கொடுவா கிட்டத்தட்ட அந்தப் பார்வையற்ற மஸ்கியின் நிலையில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதற்குக் கண் இருந்தும் நீர் மறைக்கிறது. தெளிந்த அணையில் வாழும் தோமானோ முழுப் பார்வையுள்ள மஸ்கியின் நிலையில் இருக்கிறது. ஒரே கெவாங் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

பிறை நீரில் ஒலி எவ்வளவு தூரம் போகும்?

நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. காற்றில் அதன் வேகம் 340 மீட்டர் அளவுதான். ஆகவே கிலுக்கின் அழைப்பு ஆறு முழுக்கப் பரவும் என்று நினைக்கத் தோன்றும். ஆழமற்ற நீரில் அப்படி நடப்பதில்லை. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பெரிது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நீரில் 15 மீட்டர். இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீரில் அந்த அலை ஓடுவதற்கே இடமில்லை, மூலத்தின் அருகிலேயே அடங்கிவிடும். அடித்தளம் கடினமாக இருந்தால் ஏறத்தாழ 190 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி அந்த ஆழத்தில் தூரம் போகாது. மணலும் சேறுமான அடித்தளத்தில் அந்த வரம்பு இன்னும் மேலே ஏறும்.

இதன் பொருள் எளியது. மிகத் தாழ்ந்த ஒலி நீரில் ஓடுவதில்லை, மிக உயர்ந்த ஒலி மீனுக்குக் கேட்பதில்லை. நடுவில் சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு குறுகிய சாளரம் மட்டுமே திறந்திருக்கிறது. ஒற்றைப் பெருங்குண்டின் மந்தமான தட்டல் அந்தச் சாளரத்துக்கு அருகில் விழுகிறது. சிறு எஃகுக் குண்டுகளின் இரைச்சல் பெரும்பாலும் வெளியே விழுகிறது. ஒலிக் கெவாங் வாங்குகிறவர் குண்டு எத்தனை என்பதைவிட எவ்வளவு பெரிது, என்ன உலோகம் என்று கேட்பதே பயன்தரும்.

அதோடு, நம் முகத்துவாரம் அமைதியான இடமல்ல. வெப்பமண்டலக் கரையோரத்தில் பாறையிலும் பாலத் தூண்களிலும் குடியிருக்கும் சொடுக்கிறால்கள் ஓயாமல் வெடிக்கின்றன. அவற்றின் கொடுக்கு மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது, அந்த உடைவே ‘டப்’ என்ற ஒலி. 2000ஆம் ஆண்டில்தான் அறிவியல் இதை உறுதி செய்தது. அந்த வெடிப்பொலியின் ஆற்றல் பெரிதும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பரவியிருக்கிறது. எஃகுக் குண்டின் உயர் ஒலியும் அதே பகுதிதான். தூணோரத்தில் அந்த ஒலி சொடுக்கிறால்களின் கூட்டத்தில் கலந்துவிடும். பிறைத் துறைமுகக் கப்பல்களின் இயந்திர ஒலியோ தாழ்ந்த பகுதியை நிரப்புகிறது. மேலும் கீழும் அடைபட்ட அந்த நடுச் சாளரத்தின் அருமை இதனால் இன்னும் கூடுகிறது.

ஒலியின் இன்னொரு குணத்தையும் கவனிக்க வேண்டும். மீனின் மூளைத் தண்டில் திடீர் ஒலிக்கு விடையளிக்கும் இரு பெரிய நரம்பணுக்கள் உண்டு. எதிர்பாராத ஒலி அருகில் எழுந்தால் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் உடலை வளைத்து மீனைத் தப்பியோட வைக்கும். தொலைவிலிருந்து வளர்ந்து வரும் ஒலி அப்படிச் செய்வதில்லை. ‘கிலுக்கு மீனை விரட்டும்’ என்ற குற்றச்சாட்டிலும், ‘கிலுக்குத்தான் அழைக்கும்’ என்ற புகழ்ச்சியிலும் உண்மை இருப்பது இதனால்தான். மீனின் தலைமேல் விழும் கிலுக்கு விரட்டுகிறது. மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி வீசி, அதை நோக்கி இழுத்து வரும் கிலுக்கு அழைக்கிறது. கெவாங்கை மாற்றுவதற்கு முன் வீசும் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

ஒலியை அறிந்திருந்த முன்னோர்

மீனுக்கும் ஒலிக்கும் உள்ள உறவைத் தூண்டில் நிறுவனங்கள் கண்டுபிடிக்கவில்லை. மலாயாவின் கிழக்குக் கரையில் ஜூரு செலாம் என்ற வல்லுநர் இருந்தார். படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நீருக்குள் தலையை முக்கி, மீன் கூட்டத்தின் ஒலியைக் கேட்டு, எங்கே வலை வளைக்கலாம் என்று சொல்வது அவர் தொழில். மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் 1939–40இல் கிளந்தானில் தங்கி ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட மலாய் மீனவர் பற்றிய நூல், இந்த வல்லுநரின் இடத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. கெலாமா போன்ற மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்புகின்றன. ஜூரு செலாமின் காது அத்தகைய ஒலிகளைப் பழகிய காது. பாப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்துத் தீவினரோ ஒலியை எதிர்த்திசையில் பயன்படுத்தினார்கள். தேங்காய்ச் சிரட்டைகளைக் கோத்த வளையத்தை நீரில் குலுக்கிச் சுறாவைப் படகருகே வரவழைத்தார்கள்.

இந்த இரண்டாவது மரபில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சுறாவை வரவழைத்த பிறகு நியூ அயர்லாந்து மீனவர் சிரட்டையை மட்டும் நம்பவில்லை. அருகே வந்த சுறாவைச் சுருக்குக் கயிற்றுக்குள் நுழைய வைக்க மீன் துண்டைக் காட்டினார். ஒலி அழைப்பதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது.

நம் வட்டாரத்தின் நான்கு நீர்கள்

முதலாவது, பிறை ஆறும் ஜூரு ஆறும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரு முறை சேற்றைக் கிளறும் நீர். பெருநீர் நாட்களில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. இங்கே பார்வை செத்துப்போகிறது, பக்கக்கோட்டின் எட்டம் மட்டும் மிஞ்சுகிறது. அதிரும் கெவாங்கை மெதுவாக, கண்டல் வேரோரத்தில் திரும்பத் திரும்ப ஒரே பாதையில் கொண்டுவருவதே வழி. பெரிய சறுக்கலால் இங்கே தீமையும் உண்டு. கெவாங் ஒரு பக்கம் சட்டென்று விலகும்போது, பார்க்க முடியாத மீன் அதைத் தவறவிடுகிறது. நேர்கோட்டில் வரும் இரையின் அடுத்த இடத்தைப் பக்கக்கோட்டால் கணிக்க முடியும். கலங்கல் நீரில் கிலுக்குக் கெவாங் வெல்வதற்கு அதன் ஒலியைவிட இந்த நேர்பாதையும் இடைவிடாத அதிர்வும் பெரிய காரணம் என்பது என் கருத்து.

அதே ஆற்றில், ஆயர் மத்தி என்று சொல்லும் தணிந்த நீர் நாட்களில் ஓட்டம் குறைந்து சேறு படியும். அந்த நாட்களில் நிலைமை பாதி மாறிவிடுகிறது. வேகமாகப் போய் நிற்கும் கெவாங்கை நிறுத்திய கணத்தில் கொடுவா கவ்வுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். நிற்கும்போது கிலுக்கும் ஊமைதான். ஒலி எழுப்பிய இடத்தை நோக்கி வந்த மீன் ஒலி நின்ற பிறகே வாயைத் திறக்கிறது என்பதைக் கிலுக்கின் ஆதரவாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பாலங்களின் தூண்கள். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் நீரிணையின் குறுக்கே செயற்கைப் பாறைகளாக நிற்கின்றன. தூணின் நிழலில் ஜெனாஹாக்கும் கெராப்பும் ஒதுங்கும். இங்கே தேவை ஆழம். மெல்ல மூழ்கும் வழுக்குக் கெவாங்கை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். தூணில் ஒட்டிய சிப்பி நரம்பை அறுக்கும் இடத்தில் பல மடங்கு விலையுள்ள மூட்டுக் கெவாங்கை வீச யாருக்கும் மனம் வராது. விரைந்து மூழ்கும் கிலுக்கு இங்கே ஒலிக்காக வெல்வதில்லை, எடைக்காக வெல்கிறது.

மூன்றாவது, செபராங் பிறையின் கட்டணக் குளங்கள். நீர் ஓரளவு தெளிவு. மீனோ பிடிபட்டு விடுபட்டுப் பழகியது. இங்கேதான் வழுக்கும் கெவாங் தன் பெருமையைக் காட்டுகிறது. காரணத்தை மஸ்கியின் நெருங்கிய உறவான பைக் மீன் சொல்கிறது. நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் குளத்தில் செய்த சோதனையை 1970இல் வெளியிட்டார். சுழலும் உலோக இரையில் ஒருமுறை மாட்டிய பைக், மீண்டும் அதே வகை இரையில் அரிதாகவே மாட்டியது. உயிருள்ள இரையிலோ தொடர்ந்து மாட்டியது. செயற்கையான, மாறாத அடையாளத்தை மீன் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் ஒரே சுருதியில் ஒலிக்கும் குண்டு அத்தகைய அடையாளம்தான். ஒலியற்ற சறுக்கலில் நினைவு வைத்துக்கொள்ளக் குறைவாகவே இருக்கிறது.

நான்காவது, கெரிக் வழியாகச் சென்றடையும் தெமெங்கோர் போன்ற அணைகளின் தெளிந்த நீர். இங்கே அரசன் தோமான், ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் விரால். அது காற்றைச் சுவாசிக்கும் மீன், இடையிடையே மேலே வந்து மூச்செடுத்துப் போகும். அப்போது நீரில் விரியும் வளையத்தைக் கண்டு வீசுவதே இங்குள்ள கலை. மேற்பரப்பில் தகட்டைச் சுழற்றி நீரைச் சிதறடிக்கும் ‘ஜம்ப் ஃபிராக்’ என்ற மரத்தவளை, தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் உரிய கைவினை. அது கிலுக்குக் கட்சியின் உள்ளூர்ப் பிரதிநிதி. அதன் ஒலி குண்டின் ஒலியல்ல, நீரே எழுப்பும் ஒலி. ஆகவே அதில் தாழ்ந்த அசைவு நிறைய உண்டு. அந்தத் தவளையைப் பின்தொடர்ந்து வந்து கவ்வாமல் திரும்பும் தோமானுக்குப் பின்னாலேயே வழுக்கும் கெவாங்கை வீசினால், அதன் கண்ணுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. இரண்டு வகையும் போட்டியாளர்கள் அல்ல, ஒரே வேட்டையின் இரண்டு கட்டங்கள் என்பதற்கு இந்த ஏரிகளே சாட்சி. நம் தோமானோடு ஒரே இனமாக நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்த கேரள ஆறுகளின் விரால், 2011இல் தனி இனமென மீண்டும் நிறுவப்பட்டது. அந்த ஆறுகளில் தூண்டில் வீசும் நம் உறவுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சான்றுகளின் குறை

பிடிபட்ட மீனை மட்டும் எண்ணுவது இந்தத் துறையின் பெரிய பலவீனம். நாளெல்லாம் கிலுக்கை வீசிவிட்டுக் கடைசி அரைமணி வழுக்கலை வீசியவர், இரண்டிலும் ஒவ்வொரு மீன் கிடைத்தால் சமம் என்கிறார். நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் சமமே இல்லை. நீர் ஏறும் பொழுதில் ஒன்றையும் வற்றும் பொழுதில் மற்றதையும் வீசி ஒப்பிடுவதும் வீண்.

நேர்மையான சோதனை நம் கைக்கு எட்டாததல்ல. ஒரே கெவாங்கில் ஒலியுள்ளதும் ஒலியற்றதுமான இரு வடிவங்களைச் சில நிறுவனங்களே விற்கின்றன. இல்லாவிட்டால் குண்டறையில் பசையூற்றி ஒன்றை ஊமையாக்கலாம். ஒரே ஆள், ஒரே ஏற்றம், ஒரே இடம், பத்து வீச்சுக்கு ஒருமுறை மாற்றம். கவ்வியதை மட்டுமல்லாமல் தொடர்ந்து வந்ததையும், தட்டிவிட்டுப் போனதையும், நீரின் தெளிவையும் எழுத வேண்டும். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கும் தூண்டில் நண்பர் குழுக்கள் ஓராண்டு இப்படி எழுதினால், வெளிநாட்டுக் காணொளிகள் தராத அறிவு நமக்குக் கிடைக்கும். பினாங்கின் பத்து மவுங்கில் மீன்வள ஆய்வுக் கழகம் இருக்கிறது. குறிப்பேடு நம்பகமானதாக இருந்தால் அங்குள்ளவர்களிடம் கொண்டுபோய்க் காட்டவும் தயங்க வேண்டியதில்லை.

திறமைக்கு உரிய கடமை

கெவாங்கைத் திறம்பட வீசக் கற்றவர் மீனுக்குக் கடன்பட்டவர். கொடுவா ஆணாக வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய். அதைப் படமெடுத்துவிட்டு நீருக்குள் விடுவது ஆற்றின் வருங்காலத்தை விடுவது. தோமானின் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் எழும்போது, காவலிருக்கும் தாயும் தந்தையும் எதையும் தாக்கும். அந்த நேரத்தில் கிலுக்கும் வேண்டாம், வழுக்கலும் வேண்டாம், எதை வீசினாலும் விழும். அதில் திறமை இல்லை. பெற்றோரை இழந்த குஞ்சுகள் விரைவில் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கே வீசாமல் இருப்பதே அறம். மும்முனை முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் விடுவிப்பதும் எளிது, மீனின் காயமும் குறையும்.

நீரின் கலங்கலையும் இயற்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் கோலா ஜூரு மீனவர்கள் தங்கள் வாழ்வையே இழக்கும் நிலைக்கு வந்தார்கள். 1969இல் தொடங்கப்பட்ட பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. அவர்கள் மனம் தளராமல் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் சிப்பி வளர்த்து மீண்டார்கள். இன்று அந்த ஆறுகளில் பொழுதுபோக்காக வீசும் ஒவ்வொருவரும் அந்தப் போராட்டத்தின் பயனாளி.

முடிவாக

கிலுக்கா வழுக்கலா என்ற கேள்விக்கு நான் தரும் நடைமுறை விடை இது. வெள்ளைக் கெவாங் ஒன்றை நரம்பில் மெல்ல இறக்குங்கள். ஓரடி ஆழத்துக்குள் மறைந்தால் அதிரும் கெவாங், தாழ்ந்த ஒலி, நேர்பாதை, மெதுவான இழுப்பு. ஒரு மீட்டருக்குக் கீழும் தெரிந்தால் வழுக்கும் கெவாங், நீண்ட சறுக்கல், நிறைய நிறுத்தம். இடைப்பட்ட நீரில் கிலுக்கால் தேடுங்கள். மீன் தொடர்ந்து வந்து திரும்பினால் வழுக்கலால் முடியுங்கள். தூணடியில் எடையைப் பாருங்கள், பழகிய குளத்தில் ஒலியைத் தவிருங்கள்.

கொடுவாய்க்கு இது, தோமானுக்கு அது என்று மீனின் பெயரைச் சொல்லிக் கெவாங் விற்கும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம். ஒரே கொடுவா பெருநீர் நாளில் ஒரு விதமாகவும் தணிந்த நீரில் வேறு விதமாகவும் வேட்டையாடுகிறது. மீனை அறிய விரும்புகிறவர் அது அந்த நாளில் எந்த நீரில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அந்த அறிவு வளர வளர, பெட்டியிலுள்ள கெவாங்குகளின் எண்ணிக்கை குறையும், ஆற்றின்மேல் உள்ள அக்கறை கூடும்.